பொதுவழியும் பொது அலையும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சங்கம் 25 ஆண்டுகள் இயங்கிற்று என்றால், 25 ஆண்டுகளாகச் சிலர் தம் மாலைப் பொழுதைப் பிறர்க்குக் கொடுத்திருக்கின்றனர் என்பதே அதன் பொருள். அவர்கள் ஊதியம் பெற்றாரல்லர்; பெயரும் பெரிதாகப் பெற்றாரல்லர். அத்தகையோர் கூடிய அவையில், அத்தகையோர் உலகின் வேறு சில நகரங்களில் செய்துள்ள ஓர் அரிய தொண்டைப் பற்றிப் பேசுதல் பொருத்தமாகும் எனக் கருதினோம். தன்னார்வத் தொண்டர்கள் தம் வீட்டுக் கூரைகளின் மீது சிறு கருவிகளை நிறுவி, கம்பியில்லா இணைய வலைகளைப் பின்னி, அவற்றை ஊரார் அனைவர்க்கும் விலையின்றித் திறந்துவிட்ட வரலாறே இன்று நாம் காணப்போகும் பொருள்.

இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என வினவலாம். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க் காலத்தே பள்ளிகள் பூட்டப்பட்டன. பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் அது திரும்பும்போது மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பர். நாளொன்றுக்குரிய தரவு ஒரு பிள்ளையின் பாடத்தோடு தீர்ந்துபோகும். இதனை நாம் யாரும் ஏட்டில் படித்து அறியவில்லை. நம் வீட்டுத் திண்ணைகளில் கண்டு அறிந்தோம். அன்று நாம் கேட்ட கேள்வி, 'யாராவது இவர்களுக்கு இணையம் கொடுக்கமாட்டார்களா?' என்பது. அக்கேள்வியில் ஒரு குறை இருந்தது. கொடுப்பார் ஒருவர், பெறுவார் மற்றவர் என்னும் எண்ணம் அதில் மறைந்து கிடந்தது. வேறொரு கேள்வியும் உண்டு: 'நாமே கட்டிக்கொள்ள இயலாதா?' இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களின் கதையே இது.

முதலில் அலையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய அனைத்தும் கண்ணுக்குப் புலனாகாத அலைகளின் மேல் இயங்குகின்றன. அவ்வலைவரிசைகளை அரசுகள் பகுத்து, உரிமம் பெற்றோர்க்கே வழங்குகின்றன. பெரும் நிறுவனங்கள் அவற்றை ஏலத்தில் எடுக்கின்றன. ஆயினும் ஒரு சிறு பகுதி மட்டும் யாருக்கும் உரிமையில்லாப் புறம்போக்காகக் கிடந்தது. சமையலறை நுண்ணலை அடுப்பும் மருத்துவக் கருவிகளும் இரைச்சல் எழுப்பும் பகுதியாகலின் அதனை எவரும் விரும்பவில்லை. 1985-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அத்தகைய சில அலைவரிசைகளில், குறைந்த ஆற்றலோடு, உரிமமின்றி யாரும் செய்தி அனுப்பலாம் என இசைவளித்தது. அவற்றுள் ஒன்றே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 1997-இல் அதற்கான முதல் பொறியியல் நெறி வகுக்கப்பட்டது. 1999-இல் விரைவு மிகுந்த வடிவம் வந்தது. 'வைஃபை' என்னும் வணிகப் பெயரும் அவ்வாண்டிலேயே வழங்கலாயிற்று. நம் நாட்டில் இவ்வலைவரிசை 2005-ஆம் ஆண்டு சனவரியில் உரிமத்தினின்று விடுவிக்கப்பட்டது.

யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய நிலத்தில் குடியேறி, அதைத் திருத்தி, ஊராக்கிக் காட்டுதல் எளியோர்க்குப் புதிதன்று. கம்பியில்லா இணையத்தின் தொடக்கமும் அத்தகையதே என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க.

2000-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சேம்சு ஸ்டீவன்ஸ், சூலியன் பிரீஸ்ட் என்னும் இருவர் 'கன்சியூம்' என்ற முயற்சியைத் தொடங்கினர். அவர்தம் கருத்து எளியது. ஒரு தெருவில் பத்து வீட்டார் தனித்தனியே பத்து இணைப்புகளுக்குப் பணம் கட்டுகின்றனர்; ஒவ்வோர் இணைப்பும் நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. அவ்வீடுகள் கூரைவழியே ஒன்றோடொன்று இணைந்துவிட்டால், ஒருவர் இணைப்பைப் பலர் பகிரலாம். அண்டை வீட்டார் தமக்குள் பேசிக்கொள்ளத் தொலைபேசி நிறுவனத்தின் கம்பியே தேவையில்லை. ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவின் போர்ட்லாந்து, சியாட்டில், நியூயார்க் நகரங்களிலும், கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. நியூயார்க் தொண்டர் குழு 2002-இல் அந்நகரின் பிரையன்ட் பூங்காவில் யாவரும் விலையின்றிப் பயன்படுத்தும் கம்பியில்லா இணையத்தை அமைத்தது.

இவ்விதை மிக நன்றாக வேரூன்றிய மண் ஜெர்மனியின் பெர்லின் நகரம். அதற்கு ஒரு விந்தையான காரணம் உண்டு. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பின்னர், கிழக்குப் பகுதியின் பழுதுற்ற தொலைபேசி அமைப்பைப் புதுப்பிக்க முனைந்தவர்கள், அன்றைய உயர்ந்த நுட்பமாகிய கண்ணாடி இழைகளைப் பல வட்டாரங்களில் புதைத்தனர். பத்தாண்டு கழித்து விரைவு இணையம் வந்தபோது, அது செப்புக் கம்பியில் மட்டுமே ஓடும் வகையினதாக இருந்தது. ஆகவே பழைய செப்புக் கம்பி உள்ள மேற்குப் பகுதியினர்க்கு விரைவு இணையம் கிடைத்தது. புதுக் கண்ணாடி இழை பெற்ற கிழக்குப் பெர்லின் தெருக்கள் பலவற்றிற்கு அது கிடைக்கவில்லை. முன்னேற்றம் என்று சொல்லிப் புதைத்ததே தடையாயிற்று. நிறுவனத்தாரோ, மீண்டும் தோண்டினால் இலாபமில்லை எனக் கைவிரித்தனர்.

அந்நிலையில் 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் குழுவினரும் பெர்லின் இளைஞரும் பெர்லினில் கூடிப் பேசினர். அதன் விளைவாக 'ஃப்ரைஃபுங்க்' என்னும் இயக்கம் மலர்ந்தது. 'கட்டற்ற வானலை' என அப்பெயரைத் தமிழாக்கலாம். விரைவு இணைப்பு எட்டிய ஒரு வீட்டார், எட்டாத அடுத்த தெருவினர்க்கு அதனைக் கூரைவழியே கடத்தினர். அவர்கள் அதனை மேலும் அடுத்த தெருவுக்குக் கடத்தினர். இவ்வாறு கைமாற்றிக் கைமாற்றி நீர் இறைப்பதைப் போல இணையம் நகரெங்கும் பரவலாயிற்று. உயரமான இடம் தேவைப்பட்டபோது தேவாலயங்களை அணுகினர். சில தேவாலயங்கள் தம் கோபுரங்களில் ஏரியல் நிறுவ இடமளித்தன. நகராட்சிக் கட்டடங்கள் சிலவும் அவ்வாறே கூரை தந்தன.

இவ்வலை எவ்வாறு இயங்குகிறது என்பதை இளைஞர்கள் அறிதல் நலம். ஒவ்வொரு கூரையிலும் உள்ள ரூட்டரை ஒரு கணு என்பர். வழக்கமான அமைப்பில் நடுவே ஒரு தலைமைக் கருவி இருக்கும். மற்றவை அதனையே அண்டி நிற்கும். தலைமை வீழ்ந்தால் அனைத்தும் வீழும். கண்ணிவலை அமைப்பில் அத்தகைய தலைமை இல்லை. ஒவ்வொரு கணுவும் தன் அண்டையில் உள்ள கணுக்களோடு இடையறாது 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?' என விசாரித்துக்கொண்டே இருக்கும். செய்தி ஒன்று வந்தால், அது போய்ச்சேரவேண்டிய இடத்திற்கு எந்த அண்டை வழியே அனுப்பினால் நன்றாகச் செல்லும் எனக் கணித்து அவ்வழியே அனுப்பும். ஒரு கணு பழுதுற்றால் செய்தி வேறு வழி தேடிக்கொள்ளும். மீன்பிடி வலையில் ஒரு கண்ணி அறுந்தாலும் வலை நிற்பதைப் போல என்க.

இக்கணிப்பைச் செய்யும் மென்பொருள் ஒன்றை 2003-ஆம் ஆண்டில் வெளியான ஒரு நெறியிலிருந்து எடுத்துப் பெர்லின் தொண்டர்கள் திருத்திப் பயன்படுத்தினர். வலை பெருகியபோது அது போதாதெனக் கண்டு, 2006-ஆம் ஆண்டளவில் 'பேட்மேன்' என்னும் புதிய நெறியைத் தாமே படைத்தனர். அந்நெறியின் ஒரு வடிவம் 2011-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இடம்பெற்றது. பல்கலைக்கழகப் பட்டியலில் பெயரில்லாத தொண்டர்கள் மாலை வேளைகளில் கூடி எழுதிய மென்பொருள் உலகப் பொதுச்சொத்தின் ஒரு பகுதியாயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியின் கதையும் சுவையானதே. 2002-ஆம் ஆண்டு இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் எளிய ரூட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனுள் இருப்பது பொது உரிமம் கொண்ட லினக்ஸ் என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். அவ்வுரிமத்தின்படி மூலநிரலை வெளியிட்டாக வேண்டும் என வற்புறுத்தவே, 2003-இல் அது வெளியிடப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் 'ஓப்பன்ரைட்' என்னும் கட்டற்ற மென்பொருள் பிறந்தது. அன்றுமுதல் கடையில் வாங்கிய எளிய பெட்டியைத் திறந்து, அதன் உள்ளத்தை மாற்றி, ஊருக்கு உழைக்கும் கருவியாக ஆக்குதல் இயன்றது. உரிமத்தில் எழுதியிருந்த ஒரு வாசகத்தைப் படித்தறிந்து, அதன்படி கேட்டுப் பெற்றமையால் நேர்ந்த விளைவு அது. சட்டத்தைப் படிப்பவனே உரிமையைப் பெறுவான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும், தோழர்களே, இவ்வலைகளின் உயிர் கருவியில் இல்லை. ஓர் உடன்படிக்கையில் இருக்கிறது. ஆங்காங்கே தோன்றிய குழுக்கள் கூடி, 'பிகோபியரிங் உடன்படிக்கை' என்று வழங்கும் சிறு ஏடு ஒன்றை வகுத்தன. பெரிய சட்டப் புத்தகம் அன்று. ஒரு பக்கத்தில் அடங்குவது. அதன் முதற்கூறு யாது? கணுவை வைத்திருப்பவர் தம் வழியே செல்லும் பிறர் செய்திக்குக் கட்டணமின்றி வழிவிடுதல் வேண்டும். அச்செய்தியைத் திருத்தவோ தடுக்கவோ கூடாது. இணைவதற்கு வேண்டிய விவரங்களை யாவரும் அறிய வெளியிடுதல் வேண்டும் என்பது அடுத்த கூறு. சேவை தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை என்பதையும் அது ஒளிவின்றிக் கூறிவிடுகிறது.

'வழிவிடுதல்' என்னும் சொல்லை நாம் எளிதாகக் கடந்துசெல்ல இயலாது. 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானத்தை இவ்வவையின் பெரியோர்கள் அறிவர். பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக்கிணற்றையும் குளத்தையும் எவரும் அணுகலாம், தடுத்தல் கூடாது என்பதே அத்தீர்மானத்தின் சாரம். அது நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. சாலை என்பது மண்ணும் கல்லும் மட்டுமன்று. 'நீ யார், எத்தெருவினன்?' என்று கேளாமல் வழிவிடும் இசைவே சாலையைப் பொதுவாக்குகிறது. பெர்லின் கூரையில் உள்ள கணுவும் செய்தியைப் பார்த்து 'நீ யாருடையை?' என்று கேட்பதில்லை. வழியின் அருமை வழி மறுக்கப்பட்டவர்க்கே நன்கு தெரியும். ஆதலின் அவ்வுடன்படிக்கையின் முதற்கூற்றை நம்மைப்போல் உணர்ந்து படிப்போர் சிலரே இருத்தல் கூடும்.

இதே காலத்தில் நகராட்சிகளும் பெருநிறுவனங்களும் இப்பணியில் இறங்காமல் இல்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரம் ஊர் முழுவதையும் கம்பியில்லா இணையத்தால் போர்த்தத் திட்டமிட்டு, 2005-இல் எர்த்லிங்க் என்னும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. பெரும் விளம்பரத்தோடு பணி தொடங்கிற்று. எதிர்பார்த்த சந்தாதாரர் சேரவில்லை. 2008-இல் நிறுவனம் விலகிக்கொண்டது. சான்பிரான்சிஸ்கோ நகரின் திட்டம் 2007-இலேயே கைவிடப்பட்டது. பணம் இருந்தது, பொறியாளர் இருந்தனர், அரசின் ஆதரவும் இருந்தது. இலாபம் இல்லையென்று கண்ட அன்றே அது நின்றது. இலாபத்திற்காகத் தொடங்காத பணி, இலாபமில்லை என்னும் காரணத்தால் நிற்பதில்லை. அது நிற்குமாயின் வேறு காரணத்தால் நிற்கும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பெர்லின் தொண்டர்க்கு வந்த இடையூறு சட்டத்தின் வழியே வந்தது. 2010-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒருவர் விடுமுறையில் வெளியூர் சென்றிருந்தபோது, அவர் வீட்டு வைஃபையைப் பயன்படுத்தி யாரோ ஒரு பாடலை முறையின்றிப் பகிர்ந்துவிட்டனர். இணைப்பைத் தக்க கடவுச்சொல்லிட்டுக் காவாமல் விட்டமையால், எச்சரிக்கை அறிவிப்புக்கான செலவுக்கு உரிமையாளரும் பொறுப்பாவார் என்பது தீர்ப்பு. இதன் பொருள் யாது? கதவைத் திறந்து வைப்பதே குற்றத்தின் சாயல் பெற்றது. அயலார்க்கு இணையம் கொடுத்தவர்கள் வழக்கறிஞர் கடிதத்துக்கு அஞ்ச நேர்ந்தது.

அவர்கள் என் செய்தனர்? வலையை மூடிவிடவில்லை. ஒருபுறம், பயனாளரின் செய்திகளை வேறு நாடுகளின் வழியாகவும், தம் சங்கங்களின் பெயரிலும் செலுத்தித் தனிமனிதரைக் காத்தனர். சேவை வழங்குநர்க்குச் சட்டம் தந்த பாதுகாப்பைச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு பெற்றனர். மறுபுறம், சட்டத்தையே மாற்றுமாறு ஆண்டுக்கணக்கில் வாதாடினர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், மியூனிக் நகருக்கு அருகே கடை வைத்திருந்த ஒருவரின் வழக்கில், திறந்த வைஃபை வழங்கியவர் பிறர் செய்த மீறலுக்கு இழப்பீடு தரவேண்டியதில்லை எனக் கூறியது. ஆயினும் கடவுச்சொல் இடுமாறு கட்டளையிடலாம் என்றும் கூறியது. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சட்டத் திருத்தம் அப்பழைய பொறுப்பை நீக்கிற்று. 2020 இறுதியில் நிறைவேறிய வரிச் சட்டத் திருத்தத்தில், பொதுநலப் பணிகளின் பட்டியலில் ஃப்ரைஃபுங்க் பணியும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது. 2010-இல் ஐயத்துக்குரியதாக இருந்த செயல் பத்தாண்டு கழித்து நாட்டின் சட்டத்தில் அறச்செயலாக எழுதப்பட்டது. தனிமனிதராய் இருந்திருப்பின் அஞ்சி ஒதுங்கியிருப்பர். சங்கமாய் இருந்தமையால் வென்றனர்.

இடையே 2015-ஆம் ஆண்டில் சிரியா முதலிய நாடுகளிலிருந்து போருக்கு அஞ்சி ஓடிவந்தோர் ஜெர்மனியில் குவிந்தனர். முகாம்களில் உணவும் படுக்கையும் தரப்பட்டன. தாயிடம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல வழி இல்லை. பல நகரங்களில் ஃப்ரைஃபுங்க் தொண்டர்கள் ஏணியும் கம்பியும் ரூட்டரும் சுமந்து சென்று அம்முகாம்களில் இணையம் அமைத்தனர். இணையம் ஒரு பொழுதுபோக்கு என எண்ணுவோர் அம்முகாம்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ரெட்ஹூக் என்பது கடலோரத்துக் குடியிருப்பு. அரசு கட்டிய தொகுப்பு வீடுகளில் எளிய கறுப்பின, லத்தீன் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். அங்குள்ள சமூக அமைப்பொன்று சிறிய கண்ணிவலையை நிறுவியிருந்தது. 2012 அக்டோபர் 29-ஆம் நாள் சாண்டிப் புயல் கடலை ஊருக்குள் கொணர்ந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றன. அச்சிறு வலை மட்டும் இயங்கியது. உதவி எங்கே கிடைக்கும், யாருக்கு மருந்து வேண்டும் என்னும் செய்திகள் அதன் வழியே சென்றன. பின்னர் அவ்வமைப்பு அப்பகுதி இளைஞர்களுக்கே பயிற்சியளித்து வலையை அவர்கள் கையில் ஒப்படைத்தது.

மற்றொன்று டெட்ராய்ட். ஒருகாலத்தில் மோட்டார்த் தொழிலின் தலைநகராய் விளங்கி, பின் வறுமையுற்ற நகரம். மக்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நகரவாசிகளுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர்க்கு விரைவு இணைய வசதி இல்லை என 2016-ஆம் ஆண்டளவில் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டில் அங்குள்ள சமூகத் தொழில்நுட்பக் குழுவினர் மூன்று குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்து வலையமைக்கத் தொடங்கினர். அவர்கள் வெளியூர்ப் பொறியாளரை அழைக்கவில்லை. அப்பகுதியில் வாழ்வோரையே 'மின்னணுக் காப்பாளர்' என்னும் பெயரில் பயிற்றுவித்தனர். கம்பி முறுக்கக் கற்றவர்கள் அடுத்த தெருவினர்க்குக் கற்பித்தனர். ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்கள் கூரையை எங்களுக்குத் தருவீர்களா?' என்று கேட்கும் துணிவும் அப்பயிற்சியின் ஒரு பாடமாகும். வலை பின்னுதற்கு முன்னே உறவு பின்னப்படவேண்டும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இனி, குறைகளையும் மறையாது கூறுதல் கடமை. குறை கூறாத உரை விளம்பரமாகிவிடும்.

முதற்குறை, உயரம். இவ்வலைகள் ஒன்றையொன்று நேரே காணும் கூரைகளை நாடுவன. இடையில் மரமோ மாடியோ நின்றால் அலை தளர்ந்துபோகும். ஆகவே உயரமான கூரை உடையவரின் இசைவு தேவைப்படுகிறது. தாழ்ந்த கூரையில் வாழ்பவர் எவ்வளவு கற்றாலும், மாடிவீட்டுக்காரர் மறுத்தால் வழி அடைபடும். உடன்படிக்கை எவ்வளவு சமத்துவமாக இருப்பினும், ஊரின் மேடுபள்ளம் அதனுள்ளும் புகுந்துவிடுகிறது. பெர்லினில் தேவாலயக் கோபுரம் திறந்தது. எல்லா ஊரிலும் எல்லாக் கோபுரமும் திறக்கும் என்று எதிர்பார்த்தல் இயலாது என்பதை இவ்வவைக்கு விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது குறை, சோர்வு. இலண்டனின் கன்சியூம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. தொடங்கியவர் வேலை மாறினார், திருமணமாயிற்று, ஊர் மாறினார், கூரையில் இருந்த கருவி மழையில் நனைந்து அணைந்தது, அதை ஏற்றி வைத்தவரைத் தவிர வேறொருவர்க்கும் அதன் சூக்குமம் தெரியவில்லை. தன்னார்வப் பணி பெரும்பாலும் இவ்வாறே நிற்கிறது. நிலைத்த குழுக்கள் கற்பிப்பதை நிறுத்தாதவை. பெர்லின் குழுவினர் வாரந்தோறும் ஒரு மாலையில் கூடி, புதியவர் எவர் வந்தாலும் கற்பிப்பதை வழக்கமாக்கிக்கொண்டனர்.

மூன்றாவது, கைப்பேசித் தரவு மலிந்தமை. நம் நாட்டில் 2016-க்குப் பின் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தது. பூங்காவில் வைஃபை தேடுவோர் குறைந்தனர். ஆகவே இனி இவ்வலைகள் வேண்டுமோ என்பர் சிலர். மலிந்த பொருளும் வாங்க இயலாதவர் உள்ளனர். மாத இறுதியில் கட்டணம் தீர்ந்த கைப்பேசியோடு தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளைச் சந்தித்த மாணவர் இவ்வவையிலேயே இருப்பர். மேலும், நுகர்வோராய் இருத்தல் வேறு, கட்டுபவராய் இருத்தல் வேறு.

நான்காவது, பாதுகாப்பு. திறந்த வலையில் வங்கிக் கணக்கு முதலியவற்றைக் கையாளும்போது விழிப்பு வேண்டும். இணையப் பக்கங்களுள் மிகப் பல இன்று மறைகுறியிட்டே செய்தி அனுப்புகின்றமையால் பழைய இடர் குறைந்துள்ளது, முற்றும் ஒழியவில்லை.

இவற்றால் நமக்குப் பெறப்படுவது யாது? 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு மாணவியின் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. மகளிர் விடுதியில் மாலை வேளையில் கைப்பேசி பயன்படுத்தலாகாது என்ற விதியை ஏற்க மறுத்தமையால் அவர் விடுதியினின்று நீக்கப்பட்டிருந்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, தனிமை உரிமையின் பகுதி என நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் சேர்க்கப் பணித்தது. உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. ஏட்டில் ஏறிய உரிமை தெருவுக்கு வர எத்துணைக் காலமும் உழைப்பும் வேண்டும் என்பதற்கு 1924-ஆம் ஆண்டுத் தீர்மானமே நமக்குப் பாடம்.

வழியும் சிறிது திறந்துள்ளது. 2020 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பி.எம்.-வாணி' திட்டத்தின்படி, சிறு கடையோ படிப்பகமோ ஒரு தொகுப்பாளர் நிறுவனத்தின் வழியாகப் பொது வைஃபை வழங்கலாம். அதற்கு உரிமமோ உரிமக் கட்டணமோ வேண்டியதில்லை. பயனாளர் தம் எண்ணை உறுதிசெய்துகொண்டே நுழையவேண்டும். இது பெர்லின் உடன்படிக்கை போன்றதன்று. பெரும்பாலும் வணிக நோக்கில் வகுக்கப்பட்டது. எனினும் சங்கமொன்று அதனைத் தன் மாணவர்க்காகப் பயன்படுத்தத் தடையில்லை. விதிகளை நன்கு படித்து, முறைப்படி செய்தல் வேண்டும். ஜெர்மன் தொண்டர்கள் கற்ற பாடத்தை நாம் கடிதம் வந்தபின் கற்கவேண்டியதில்லை.

இணையமே இல்லாமலும் ஒன்று செய்யலாம். ஒரு சிறு கணினியும் ஒரு ரூட்டரும் கொண்டு, நம் படிப்பகத்திற்குள் மட்டும் இயங்கும் உள்வலை ஒன்றை அமைக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் விலையின்றிப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. அவற்றை ஒருமுறை இறக்கி அதில் வைக்கலாம். கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையமின்றிப் படிக்குமாறு சேமிக்கலாம். பழைய தேர்வு வினாத்தாள்கள், சங்கத்தின் ஆண்டறிக்கைகள், இவ்வெள்ளி விழா மலர் ஆகியனவும் அதில் இடம்பெறலாம். படிப்பகத்துக்கு வரும் பிள்ளை, தரவு தீர்ந்த கைப்பேசியைக் கொண்டே அவற்றைப் படிக்கலாம். செலவு சிறிது, கல்வி பெரிது. இதனை அமைக்கும் இளைஞர், பெரிய வலையின் அரிச்சுவடியையும் கற்றவராவார்.

இளைஞர்களிடம் எம் வேண்டுகோள் ஒன்றே. ஒருவர் மட்டும் கற்று, அவரையே அனைவரும் நம்பியிருக்கும் நிலை வேண்டா. குறைந்தது ஐவர் கற்க. அவருள் பெண்பிள்ளைகள் பாதிப்பேராவது இருக்க. கற்ற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருவர்க்குக் கற்பிக்க. செய்முறையைத் தமிழில் எழுதி, படிப்பகச் சுவரில் ஒட்டி வைக்க. ஏணியில் ஏறுபவருக்கு மட்டுமன்றி, ஏணியைப் பிடிப்பவருக்கும் அக்கலை தெரிந்திருத்தல் வேண்டும்.

மூத்தோர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 25 ஆண்டுகட்கு முன் உங்களுள் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையைப் பிள்ளைகள் படிக்கத் தந்திருப்பீர்கள். மற்றொருவர் தம் விளக்கைத் தந்திருப்பீர்கள். இன்று இப்பிள்ளைகள் கேட்க வருவது உங்கள் கூரையில் ஒரு முழ இடமும், சிறிது மின்சாரமும் மட்டுமே. கேட்டு வரும்போது மறுக்காதீர்கள். திண்ணையைத் தந்த கை கூரையையும் தரும் என்று நம்புகிறோம்.

பொதுவழிக்காக நம் முன்னோர் பட்ட பாட்டினால் இன்று நாம் தெருவில் நடக்கிறோம். பொது அலையில் வழி அமைக்கும் பணி நம்முடையது. அவ்வழியே செல்லப்போகும் பிள்ளைகளை நாம் அறியமாட்டோம். அவர்கள் எவர் என்று கேளாமல் வழிவிடுவோம்.

சங்கம் பொன்விழாவும் காண்க!